இந்த ஆண்டு விழாவுக்கு ஷீல்டு வாங்காதீர்கள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

நான் 34 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் தையல் ஆசிரியையாக இருந்தவள். 1984-ல் வேலைக்குச் சேர்ந்தபோது உங்கள் மூன்று மாவட்டங்களும் வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டம். திருவண்ணாமலைப் பக்கமும் அதில் அடக்கம். 1989-ல் அது இரண்டானது, 2019-ல் வேலூர் மூன்றானது. என் மாணவிகள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள் என்பதால் பிரித்து எழுத மனம் வரவில்லை. ஒரே மடலாக எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழாவிலும் விளையாட்டு விழாவிலும் ஷீல்டும் கப்பும் கொடுப்பதை விட்டுவிடுங்கள். யாரோ ஒருவர் கையால் செய்த பொருளைப் பரிசாகக் கொடுங்கள். பிள்ளைகள் தாங்களே செய்து கொண்டுவருவதை மேடையில் வைத்து, எல்லோரும் பார்க்க வாங்கிக்கொள்ளுங்கள்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினால் 23 ஷீல்டுகள். நான் பள்ளியில் இருந்தபோது வாங்கியவை, ஓய்வு பெற்றபின் சிறப்பு விருந்தினராகப் போன இடங்களில் கொடுத்தவை, என் மகன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கியவை. பழைய சாமான் எடுக்கிறவர் வந்தார். அலுமினியம், பழைய நோட்டுகள், கால் உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் எடை போட்டுக் காசு கொடுத்தார். ஷீல்டு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆவாதும்மா. அடியில மரத்தூள் பலகை, மேல முலாம் பூசின பிளாஸ்டிக்கு, நடுவுல ஸ்டிக்கர், எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டியிருக்கான். பிரிச்சி எடுக்கிற கூலிகூட வராது" என்று கீழே வைத்துவிட்டுப் போனார்.

குப்பையை இனம் இனமாகப் பிரித்தால் அதில் முக்கால்வாசி குப்பையே இல்லை என்று செய்து காட்டி நாடெங்கும் பெயர் பெற்ற சீனிவாசன் நம் வேலூர்க்காரர். அப்படிப் பிரிக்கவே முடியாத ஒரு பொருளைத்தான் நாம் பிள்ளைகளுக்குப் பரிசு என்று சொல்லிக் கொடுத்து வருகிறோம். ஒரு முறை மட்டும் பயன்படும் 14 வகை பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் தொடங்கியது. அந்தப் பட்டியலில் ஷீல்டு இல்லை. ஆனால் ஒரு நாள் மாலை, ஒரு புகைப்படம், அதற்கப்புறம் பரண் என்றால், அதுவும் ஒரு முறை மட்டும் பயன்படுகிற பொருள்தானே?

அதே பரணில் ஒரு தகரப் பெட்டி. அதில் 1991-ல் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண் எனக்குக் கொடுத்த சுருக்குப்பை இருந்தது. அவள் அப்பாவுக்குத் தறி வேலை. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் முடிகிற இடத்தில் மிஞ்சும் நுனித்துணியில், லுங்கிக் கட்டம் போட்ட துணி, இரண்டு துண்டை வைத்துத் தைத்திருந்தாள். நான் தையல் டீச்சர். ஒரு துணியைப் பார்த்தால் அதைத் தைத்தவர் எங்கே நின்றார், எங்கே தடுமாறினார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையின் ஒரு பக்கம் முதலில் ஓட்டுத்தையல் போட்டு, பிடிக்காமல், பிரித்துவிட்டுப் பின்தையல் போட்டிருந்தாள். பிரித்த இடத்தில் பழைய ஊசித் துளைகள் இன்னும் தெரிகின்றன. வாய்ப் பக்கம் கயிறு ஓடும் மடிப்பு ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் குறுகலாகவும் இருக்கும். அங்கே விளக்கு வெளிச்சம் போதாமல் இருந்திருக்கும். குறைந்தது மூன்று மாலை நேரங்கள் அந்தப் பைக்குள் இருக்கின்றன. அந்த மூன்று மாலையும் அவள் என்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதற்கு வேறு சாட்சி எனக்கு வேண்டாம். வீட்டுச் சாவியை இப்போது அதில்தான் போட்டுவைக்கிறேன்.

ஷீல்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் என் பெயர் பாதிக்கு மேல் வெளுத்துப்போய்விட்டது.

எங்கள் காலத்தில் கையால் செய்து கொடுப்பது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. பொங்கல் வாழ்த்து அட்டை வாங்கக் காசில்லாதவர்கள் வெள்ளை அட்டையில் கரும்பும் பானையும் வரைந்து அனுப்பினோம். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் பழைய வேட்டியில் தைத்த சின்ன மெத்தையோடு போவோம். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பக்கத்து வீட்டு அக்கா ஒயர் கூடை பின்னிக் கொடுப்பார். சிவன் கண் போட்ட கூடையா, நெல்லிக்காய் முடிச்சா, பிஸ்கட் முடிச்சா என்று பார்த்தே யார் பின்னியது என்று சொல்லிவிடலாம். ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் என் அம்மாவுக்குப் பின்னிக் கொடுத்த கூடை இருபது வருடம் காய்கறி சுமந்தது. பிடி அறுந்தபோது பிடியை மட்டும் மாற்றினோம். ஒரு பொருள் எதனால் ஆனது என்பதைப் பார்க்கிறோம். அதை எப்போது தூக்கி எறிய மனம் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பின்னியவரைத் தெரிந்த கூடையைத் தூக்கி எறியக் கை வராது.

அந்த மதிப்பு இப்போது எங்கே போனது? முழுதாகப் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. பெரிய ஊர்க் கடைகளில் 'ஹேண்ட்மேட்' என்று சீட்டு ஒட்டிய துணிப்பைக்கு யோசிக்காமல் பணம் கொடுக்கிறார்கள். அதே பையை நம் வீட்டுப் பெண் தைத்துப் பிறந்தநாளுக்கு எடுத்துப்போனால், கடையில் வாங்கக் காசில்லையா என்று பார்க்கிறார்கள். கைவேலை முன்பின் தெரியாதவரிடம் வாங்கினால் கௌரவம், தெரிந்தவர் செய்து கொடுத்தால் ஏழ்மை என்று ஆகிவிட்டது. பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கிற ரிட்டர்ன் கிஃப்ட் வந்தபின் இது இன்னும் மோசம். முப்பது பிள்ளைகளுக்கு முப்பது பிளாஸ்டிக் டப்பா. அடுத்த வாரம் மூடி காணாமல் போகிறது, அதற்கடுத்த வாரம் டப்பாவும் குப்பைக்குப் போகிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். எந்தப் பள்ளியிலும் நடக்கிறதுதான். நிகழ்ச்சி தொடங்கும்போது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேடைப் படியேறி வந்தாள். கையில் செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம். நான் தையல் டீச்சர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், எனக்காகக் கைக்குட்டை ஒன்றில் பூ தைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். படியிலேயே நிறுத்தி, "அப்புறம் குடுக்கலாம், போ" என்று அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். பிறகு ஒலிபெருக்கியில் என் பெயர் சொல்லி, சால்வை போர்த்தி, ஷீல்டு கொடுத்து, படம் எடுத்தார்கள். முடிந்ததும் அந்தப் பொட்டலத்தைக் கேட்டேன். டீ டம்ளர்களோடு சேர்ந்து எங்கேயோ போய்விட்டது, கிடைக்கவில்லை. அவளை வகுப்பில் தேடிப் போய்ப் பார்த்தேன். "பரவால்ல டீச்சர், அது நல்லா வரல" என்றாள்.

அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கடையில் வாங்கியது கொடுக்கத் தக்கது, தான் செய்தது கொடுக்கத் தக்கதில்லை என்று அவள் அந்த மாலையில் கற்றுக்கொண்டாள். யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கவில்லை. மேடையைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். நன்னெறி வகுப்பில் நாம் என்ன பேசினாலும், எதற்கு மதிப்பு என்பதைப் பிள்ளைகள் மேடையில் கைமாறுகிற பொருளைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். அதனால்தான் இந்த மடலைக் கடைக்காரர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இதைச் சொல்லும்போது ஒரு பயம் உங்களில் சிலருக்கு வரும். வர வேண்டிய பயம்தான். பள்ளியில் கைத்தொழில் என்றாலே நம் மண்ணில் 1953 நினைவுக்கு வரும். பாதி நாள் பள்ளி, மீதி நாள் வீட்டுத் தொழில் என்று அன்றைய முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1954-ல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். அதே ஆண்டு இடைத்தேர்தலில் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது எங்கள் குடியாத்தம். அந்தப் பெருமை இந்த ஊரில் இன்னும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. என் அப்பா பீடி சுற்றினார். நான் பள்ளிக்கூடம் போனதால்தான் பீடித் தட்டு என் மடிக்கு வரவில்லை.

நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. தறிக்காரர் பிள்ளை தறிக்குப் போக வேண்டும் என்று கேட்கவில்லை. டாக்டர் பிள்ளையும் தறிக்காரர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பொத்தான் தைக்க வேண்டும், பையன்களும் தைக்க வேண்டும் என்று கேட்கிறேன். கைவேலை சில வீட்டுக்கு மட்டும் விதித்தது என்று இருக்கிற வரைக்கும் அதற்கு மரியாதை வராது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிற, ஒரு நாள் முழுக்கத் தீப்பெட்டி ஒட்டுகிற கைகள் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. அந்த விரல்களின் வேகத்தைப் பார்த்தால் மலைத்துப் போவீர்கள். ஆனால் அந்த வேகத்துக்குக் கிடைப்பது மிகக் குறைந்த கூலி. கைவேலை என்றாலே மலிவு என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரிசுப் பொருளுக்கும் வந்து ஒட்டிக்கொள்கிறது. தன் மகள் கையால் செய்த ஒன்றை ஊர் பெரியவர் மேடையில் எழுந்து நின்று வாங்குவதைப் பீடி சுற்றும் அம்மா ஒருமுறை பார்க்க வேண்டும்.

கையின் அருமை மற்ற ஊர்களைவிட வேலூருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை மாற்றி வைத்து மறுபடி அசைய வைத்தார். விரல் நிமிர்ந்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நோயாளிகளுக்குத் தச்சு வேலை போன்ற தொழில்களைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான், கையில் வருகிற புண்களில் பெரும்பகுதி வலி தெரியாததால் வருகிறது என்று அவருக்குத் தெளிவானது. வலி தெரிந்தால் கை தன்னைக் காத்துக்கொள்ளும். என் வகுப்பில் ஊசி குத்தி அழுகிற பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்வேன். குத்தினது தெரிகிறதே, அது நல்லது என்பேன். அழுகை நின்றுவிடும்.

இன்னொரு தடை, இது பயமில்லை, நடைமுறைச் சிக்கல். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனி பஸ் விடியற்காலையிலேயே பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது, இருட்டியபின் இறக்கிவிடுகிறது. அந்த அம்மாக்களிடம் போய், உங்கள் பிள்ளை கையால் ஏதாவது செய்து எடுத்து வரட்டும் என்று டைரியில் எழுதி அனுப்பினால் என்ன நடக்கும்? இப்போது ப்ராஜெக்டுக்கு நடப்பதுதான் நடக்கும். பள்ளிக்கு எதிரில் இருக்கிற ஸ்டேஷனரி கடையில் தெர்மாகோல் எரிமலையும் தெர்மாகோல் சூரியக் குடும்பமும் ரெடிமேடாகத் தொங்குகின்றன. அம்மா ராத்திரி பஸ் இறங்கியதும் அதை வாங்கி வருகிறார். காலையில் பிள்ளை தூக்கிக்கொண்டு போகிறது, மாலையில் அது குப்பைத்தொட்டிக்குப் போகிறது. கைவேலை என்ற பெயரில் நாம் தெர்மாகோல் குப்பையைப் பெருக்குகிறோம், அம்மாவையும் தூங்கவிடுவதில்லை. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். கைவேலை வீட்டுக்குப் போகவே கூடாது. வகுப்பில், மணி அடித்துத் தொடங்கி மணி அடித்து முடிய வேண்டும். கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும்.

அதற்கு நேரம் எங்கே என்பீர்கள். வாரம் ஒரு பாட வேளை பல பள்ளிகளின் கால அட்டவணையில் இன்னும் இருக்கிறது. கணக்கு டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அதைத் திருப்பிக் கேளுங்கள். ஆள் எங்கே என்றால், 2012-ல் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி என்று தமிழகம் முழுக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. அன்று மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனையோ முறை போராடிவிட்டார்கள். அவர்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. கைவேலையை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதைக் கற்றுக்கொடுப்பவரைப் பாதிச் சம்பளத்தில் நிறுத்தி வைப்பது என்ன நியாயம்? பள்ளி மேலாண்மைக் குழுக்கள் தீர்மானம் போடும்போது இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

சரி, ஷீல்டுக்குப் பதிலாக என்ன கொடுப்பது? காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி இருக்கிறது, மண்பாண்டத்துக்குப் பெயர் போன ஊர். அங்கே போய்ப் பாருங்கள். உண்டியல், பேனா போட்டுவைக்கிற குவளை, ஊறுகாய் ஜாடி என்று பிள்ளைகளுக்கு உபயோகமானதைக் கேட்டுச் செய்யச் சொல்லலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சை மண் காயாது, சூளை வைப்பதும் கஷ்டம். தை, மாசியில் விழா என்றால் ஆடி, ஆவணியிலேயே சொல்லி முன்பணம் கொடுத்துவிட வேண்டும். ஷீல்டு கடை போல நாளைக்கு வேண்டும் என்று கேட்டால் கிடைக்காது. நாம் காத்திருக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

விளையாட்டு விழாவுக்கு எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. நான் விசாரித்த வரையில், நடுத்தரமான ஒரு ஷீல்டின் விலைக்கு நல்ல கைத்தறித் துண்டு ஒன்று வாங்கிவிடலாம். அதை வாங்கி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஓரத்தில் சங்கிலித் தையலில் 'நீளம் தாண்டுதல், முதல் பரிசு' என்றும் வருடத்தையும் தைக்கச் சொல்லுங்கள். தாண்டி முடித்து வியர்வையோடு நிற்கிற பிள்ளையின் தோளில் அதைப் போடுங்கள். அங்கேயே முகம் துடைத்துக்கொள்ளட்டும். துவைக்கத் துவைக்கத் துணி மெத்தென்று ஆகும், தையல் நிற்கும். தைத்தது யார் என்று ஜெயித்த பிள்ளைக்குத் தெரியும். ஜெயித்தது யார் என்று தைத்த பிள்ளைக்கும் தெரியும்.

சிறப்பு விருந்தினருக்குச் சால்வையும் நினைவுப் பரிசும் இல்லாமல் எப்படி என்று கமிட்டியில் கேட்பார்கள். என்னைப் போன்ற விருந்தினர்கள் சார்பில் நான் சொல்கிறேன்: எங்கள் பரணில் இடமில்லை. ஒரு பிள்ளை வந்து தான் செய்ததைக் கொடுக்கட்டும். வாங்கினவர் அங்கேயே பிரித்துப் பார்க்கட்டும். நம் ஊரில் கொடுத்தவர் எதிரில் பரிசைப் பிரிக்கிற வழக்கமில்லை, தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இது எப்படிச் செய்தாய், எங்கே கஷ்டமாக இருந்தது என்று இரண்டு கேள்வி கேட்கட்டும். இரண்டு நிமிடம் ஆகும். வரவேற்புரையில் இரண்டு நிமிடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஆணை வர வேண்டும், அனுமதி வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஷீல்டு வாங்க வேண்டும் என்று எந்த ஆணையும் இல்லை. முதல் வருடம் ஒரே ஒரு போட்டிக்கு மட்டும் மாற்றிப் பாருங்கள்.

ஆளில்லை என்று எந்தப் பள்ளி சொன்னாலும், குடியாத்தத்திலிருந்து பஸ் இருக்கிற தூரம் வரைக்கும் நான் வருகிறேன், சனிக்கிழமைகளில், சம்பளம் வேண்டாம். ஊசி, நூல், கத்தரி, விரலுக்குப் போடும் தொப்பி எல்லாம் என்னிடம் நாற்பது பிள்ளைகளுக்குப் போதுமான அளவு இருக்கிறது. துணி மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். தறி இருக்கிற வீடுகளில் கேட்டால் பாவு நுனித்துணி தருவார்கள். ஒரு பையில் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
குடியாத்தம்.